பசை தடவிய எண்

கோவில்பட்டியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கும் முன்பே லேபிள் ஒட்டத் தெரியும். பள்ளி விட்டு வந்ததும் மைதாப் பசையை எடுத்துக்கொண்டு தீப்பெட்டிகளோடு உட்காருவோம். விரலால் பசை தடவி, பெட்டியில் வைத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து, ஓர் இழுப்பு. நான் ஒட்டிய லேபிள் கோணியதே இல்லை. ஆள் முன்னால் வாய் திறக்காத எனக்கு இருந்த ஒரே பெருமை அது.

அம்மாவின் தம்பி விமானப்படையில் விமானங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது விடுப்பில் வந்தவர், பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சாம்பல் வண்ணம் பூசி, முழங்கை நீளத்தில் ஒரு போர் விமானம் செய்தார். கரிசல் புழுதி படியாமலிருக்க அதன்மேல் சொளகைக் கவிழ்த்து வைப்பார். கம்பு புடைக்கிற சொளகுக்குள் போர் விமானம் நிற்பதைப் பார்க்கத் தெருவே வந்து போனது.

இறக்கையில் போடும் மூவண்ண வட்டங்களும் வாலில் போடும் எண்ணும் நீலத் தாளில் அச்சாகியிருந்தன. எண்ணை மட்டும் பெங்களூரில் சொல்லித் தனியாக அச்சடித்து வாங்கியிருந்தார். நான் பள்ளிக்குப் போயிருந்தபோது வட்டங்களை ஒட்டி முடித்துவிட்டு, எண்ணை மறுநாளைக்கு வைத்தார்.

"மாமா, அத நான் ஒட்டுதேன்" என்றேன்.

"ஏட்டி, இது தீப்பெட்டி இல்ல. எங்க ஆபீசரோட ப்ளேன். போற வழியில அவிய அம்மாகிட்ட குடுக்கணும்."

"பெரிய ப்ளேனு. ஒங்கை நடுங்குத நடுக்கத்துக்கு எம்மகளே நல்லா ஒட்டிருவா" என்றாள் அம்மா. மாமாவும் சிரித்தார்.

மறுநாள், கூட வேலை பார்ப்பவர்களுக்குக் கடலைமிட்டாய் வாங்க மாமா கடைக்குப் போன நேரத்தில் சொளகைத் தூக்கினேன். எண்ணைக் கத்தரித்துப் பின்புறம் பசை தடவி வாலில் வைத்தேன். ஓர் அழுத்து, ஓர் இழுப்பு. தாள் வாலிலேயே நின்றது. எண் மட்டும் வெங்காயத் தோல் போல என் விரலோடு வந்து, சுருண்டு, கிழிந்தது. தாளை நனைத்தால் எண் தானாகக் கழன்று வரும், அதை மெல்ல நகர்த்தி வைத்தால் போதும், பசையே வேண்டாம் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னது?

மாமா வந்து பார்த்தார். திட்டவில்லை. ஈரத்துணியால் வாலைத் துடைத்துவிட்டு, சுருண்டதை ஊசிமுனையால் வெகுநேரம் விரித்துப் பார்த்தார். நடுவில் இரண்டு இலக்கங்கள் சிதைந்துபோயிருந்தன.

"வேற இல்லையா மாமா?"

"அங்கன போயி பாத்துக்கிடலாம்ட்டி."

"பிரஷ் இருக்குல்லா தம்பி, நீ கையாலயே எழுதிரு" என்றாள் அம்மா.

"நெசப் ப்ளேன்ல அந்த நம்பர எழுதுனதே நாந்தான்க்கா. இப்ப கை வர மாட்டேங்கு."

மாமா ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த அதிகாரி தன் தாய்க்குத் தானே கொண்டுபோய்க் கொடுக்காமல் மாமாவிடம் ஏன் விட்டார் என்றும் யோசிக்கவில்லை. ஒரு நாள் காலைப் பயிற்சிக்குப் போன அந்த விமானமும் அவரும் திரும்பவில்லை என்பதையும், மகன் ஓட்டிய விமானம் எப்படி இருக்கும் என்று அந்தத் தாய் மாமாவிடம் கேட்டிருந்ததையும், எனக்குக் கல்யாணமான பிறகுதான் அம்மா சொன்னாள். மாமா இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

அன்று சாயங்காலம் மாமா கடலைமிட்டாய்ப் பொட்டலங்களோடு மட்டும் ரயிலேறினார். விமானம் எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எண் இல்லாத அந்த வாலைப் பிடித்தபடி, "எங்க மாமா இத எனக்கே குடுத்துட்டாவ" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.