பழுக்காத குலை

மகன் திராட்சைப் பந்தலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்துக்கொண்டிருந்தான். அந்த வாடை என்னை வெள்ளைக்காரன் காலத்து ஓடைப்பட்டிக்குக் கொண்டுபோனது. அப்போது எனக்கு எட்டு வயது.

எங்கள் கிணற்றடியில் ஒரே ஒரு திராட்சைக் கொடி. அந்த வருடம் மழை விடவேயில்லை. இலைகளின் அடியில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்து, பிஞ்சுகள் கருகி உதிர்ந்தன. அய்யா இதே மருந்தை ஈர்க்குமாறால் தெளித்துத் தெளித்து ஒரு குலையை மட்டும் காப்பாற்றினார். மலைக்காய்ச்சலில் கிடந்த அக்கா செல்லத்தாய்க்கு அதன்மேல்தான் ஆசை.

"பழுத்துருச்சாய்யா?" என்று தினமும் கேட்பாள்.

"இன்னும் பத்து நாள் பொறு ஆத்தா."

நான்காம் நாளே அவளுக்குக் கண் செருகியது. அய்யா ஓடிப்போய்ப் பச்சைக் குலையை அறுத்து வந்தார். மருந்து போகக் கழுவி, ஒரு காயைப் பிழிந்து அவள் வாயில் விட்டார்.

"இனிக்குதா ஆத்தா?"

"இனிக்குதுய்யா," என்றாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, மிச்சக் குலையில் ஒரு காயைப் பிய்த்துக் கடித்தேன். பல் கூசியது, அப்படி ஒரு புளிப்பு. அய்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி ஆத்தா இருக்கு?"

"இனிக்குதுய்யா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு காயைக்கூட எடுத்து வாயில் வைத்துப் பார்க்கவில்லை.