என் டீமும் என் தம்பியின் டீமும்

ஐம்பதுகளின் நடுவில், விழுப்புரத்தில் நான் படித்த ஹைஸ்கூலின் கூடைப்பந்து டீமில் ஐந்து பேரும் வெறுங்காலோடுதான் ஆடினோம். மண் தரை. மழைக்காலம் முடிந்ததும் ரோலர் இழுத்துச் சமன் செய்வதும், சுண்ணாம்பில் கோடு போடுவதும் எங்கள் வேலை. பந்து தோல் பந்து. உள்ளே பிளாடர், வெளியே பூட்ஸுக்குக் கட்டுவது போல லேஸ். லேஸ் பக்கம் தரையில் பட்டால் பந்து எந்தத் திசையில் எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நாங்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடியதே குறைவு. கைக்குக் கை மாற்றியே கூடைக்குக் கீழே போய்விடுவோம். பந்து தரையைத் தொடாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதைப் பார்க்கவே சனங்கள் வேலியோரம் நிற்பார்கள்.

எங்கள் சென்டர், அதாவது கூடைக்கடியில் நின்று ஆடுகிறவன், முகையூர்ப் பக்கத்துப் பையன். விவசாயக் குடும்பம். விழுப்புரத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தான். பதினாறு வயதிலேயே வகுப்பறை வாசலில் குனிந்துதான் நுழைவான். நான் குட்டை. அவன் கைக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. அவன் எங்கே நிற்கிறான் என்று நான் பார்க்க வேண்டியதில்லை, காலடிச் சத்தமே போதும்.

அந்த வருஷம் தென்னாற்காடு ஜில்லா பைனல் திண்டிவனத்தில் நடந்தது. எதிரே திண்டிவனத்துப் பள்ளிக்கூடமே நின்றது. பாசஞ்சர் ரயிலில் போனோம். மைதானம் முழுக்க அவர்கள் ஆட்கள். கடைசி நிமிஷத்தில் சமமாக இருந்தது. நான் தூக்கிப் போட்ட பந்தைச் சென்டர் ஒரே கையால் பிடித்துக் கூடைக்குள் வைத்தான். விசில் ஊதிவிட்டார்கள். அந்த ஊர்ப் பையன்களில் இரண்டு பேர் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்கள். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நான் எதையும் ஜெயிக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன், மேலே படிக்க முடியவில்லை. சில வருஷம் சும்மா இருந்துவிட்டு, அதே திண்டிவனத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வாரம் முழுக்க அங்கே ஓர் அறையில் தங்குவது, சனிக்கிழமை விழுப்புரத்துக்கு ரயிலேறுவது. ஆபீசில் என் மேஜைக்கு ஒரு மரியாதையும் கிடையாது. ஆனால் சேர்ந்த முதல் மாதமே ஹெட்கிளார்க் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்க பசங்கள அழ வெச்சிட்டுப் போனியே, நீதானய்யா அது?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான் பல வருஷம் தலைநிமிர்ந்து நடந்தேன்.

எனக்குப் பத்து வயது இளையவன் என் தம்பி. அறுபதுகளில் அவன் அதே பள்ளிக்கூடத்தின் டீமில் சேர்ந்தான். அதற்குள் எல்லாம் மாறியிருந்தது. சிமெண்ட் தரை போட்டிருந்தார்கள். ரப்பர் பந்து வந்திருந்தது, எங்கே தட்டினாலும் நேராக எழும்பும். எல்லோர் காலிலும் கேன்வாஸ் ஷூ. நாங்கள் தரையில் நின்று இரண்டு கையாலும் நெஞ்சிலிருந்து தள்ளிய பந்தை, இவர்கள் எகிறி, தலைக்கு மேலே ஒற்றைக் கையால் விட்டார்கள். அதில் தம்பிதான் கெட்டிக்காரன். அவன் எகிறினால் ஒரு கணம் கீழே இறங்க மறந்துவிட்டவன் போலத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை சாப்பிடும்போது கேட்டான்.

"உங்க டீம்ல ஒருத்தர் கூட எகிறிப் போட மாட்டீங்களாண்ணா?"

"எதுக்கு எகிறணும்? நின்னுக்கினே போட்டோம், உழுந்துது."

"எதிர்ல நிக்கிறவன் கைய நீட்டி மறிச்சிட்டா?"

"மறிக்க உட்டாதானே."

தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவமரியாதை எதுவும் இல்லை. என் மேல் அவனுக்குப் பிரியம்தான். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "நாங்க ஆடுன பந்துல நீங்க ஆடிப் பாருங்கடா, தெரியும்" என்றேன். "தோத்துடுவோம்ணா" என்று உடனே ஒத்துக்கொண்டான். "நீங்க எங்க பந்துல ஆடுனீங்கன்னா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் தட்டின் மேல் குனிந்துகொண்டான்.

ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த டீக்கடையில் இந்தப் பேச்சு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பல வருஷமாக, "அந்த டீம் மாரி இனிமே வராதுபா" என்றுதான் சொல்லுவார்கள். நான் டீயைக் குடித்துக்கொண்டு காதில் விழாதவன் போல நிற்பேன். தம்பி டீமில் சேர்ந்த இரண்டாம் வருஷம் அந்தப் பேச்சு மாற ஆரம்பித்தது. "இல்லபா, இந்தப் பசங்கதான்" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் தலையாட்டினார். நான் டீயை முழுக்கக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

பழைய டீமும் புது டீமும் ஒருமுறை மோதிப் பார்க்கலாம் என்பது என் யோசனை. வேறு யாரும் கேட்கவில்லை. டிரில் மாஸ்டரிடம் நானே போய்ப் பேசினேன். தம்பியின் டீம் ஜில்லா பைனலுக்குப் போயிருந்தது, அடுத்த வாரம் கடலூரில் திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தோடு ஆட்டம். பையன்களுக்கு நல்ல பயிற்சியாக இருக்கும் என்று சொன்னேன். அவர் சந்தோஷமாகச் சம்மதித்தார். எங்கள் டீமின் மற்ற நான்கு பேருக்கும் நானே தபால் கார்டு போட்டேன்.

சென்டர் முகையூரிலிருந்து பஸ்ஸில் வந்தான். மீசை வைத்திருந்தான், நிலத்து வேலையில் கால்கள் வெடித்துப் போயிருந்தன. "இன்னாபா, மல்லாட்டை புடுங்குற நேரத்துல கூப்புடுற" என்று என் தோளில் கை போட்டான். ஊரில் நிலக்கடலை அறுவடை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பாதி ஊர் வந்திருந்தது.

ஐந்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. வயதாகிவிட்டது, பழக்கம் விட்டுப்போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது இல்லை. எங்களுடைய மிக நல்ல நாளில், பதினாறு வயதில், எங்கள் மண் தரையிலேயே இவர்கள் வந்திருந்தாலும் எங்களைத் தோற்கடித்திருப்பார்கள். நான் பந்தைக் கொடுக்க நினைத்த இடத்தில் எனக்கு முன்னால் ஒருவன் நின்றான். சென்டருக்கு மேலேயே பந்தை விட்டார்கள். தம்பி ஒவ்வொரு முறை எகிறும்போதும் வேலியோரம் எழுந்த சத்தம், ஒரு காலத்தில் எங்களுக்காக எழுந்த சத்தம்.

பாதி ஆட்டத்தில் தண்ணீர் குடிக்கும்போது சென்டர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "அவனுங்க நம்மள விட நல்லா ஆடுறானுங்கபா. உன் தம்பி இருக்கான் பாரு, அவன் மாரி நான் பாத்ததே இல்ல."

"இன்னும் பாதி இருக்குதுடா."

"இருந்தா இன்னா? ஒத்துக்கினா இன்னா கொறஞ்சிடப் போற?"

அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அவனையே அறையலாம் போல இருந்தது.

இரண்டாம் பாதியில் நான் தம்பியை மறிக்க நின்றேன். எங்கள் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கெட்ட வித்தை உண்டு. எகிறியவன் இறங்கும் இடத்தில் உன் பாதத்தை வைத்துவிட வேண்டும். வேண்டுமென்று வைத்தாயா, தற்செயலாக இருந்ததா என்று நடுவருக்குத் தெரியாது. நாங்கள் அதை ஒருமுறைகூடச் செய்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். தம்பி எகிறினான். கண்கள் கூடையின் மேல் இருந்தன. அவன் இறங்கப்போகும் இடம் எனக்குத் தெரிந்தது. என் வலது காலை ஒரு சாண் முன்னால் நகர்த்தினேன்.

அது கோபத்தில் என்னையறியாமல் நடந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. என்னை அறிந்துதான் நடந்தது.

அவன் ஷூ என் வெறும் பாதத்தின் மேல் இறங்கிச் சறுக்கியது. அவனுடைய முழங்கால் உள்பக்கமாகத் திரும்பியதை நான் பார்த்தேன். விறகு முறிவது போன்ற சின்னச் சத்தம். விழுந்தவன் காலைப் பிடித்துக்கொள்ளவில்லை, கத்தவில்லை. படுத்தபடியே என் முகத்தைப் பார்த்தான். எல்லோரும் ஓடிவந்தார்கள். "தெரியாம பட்டுடிச்சி, தெரியாம பட்டுடிச்சி" என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என் கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. அதைப் பார்த்து எனக்கும் ஒருவர் துணி சுற்றிவிட்டார். "பாவம், அண்ணனுக்கும் அடி" என்றார்.

நிமிர்ந்தபோது சென்டர் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தான். என் பக்கம் வரவில்லை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோனோம், பிறகு பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. எலும்பு முறியவில்லை, உள்ளே ஜவ்வு அறுந்துவிட்டது என்றார்கள். நடக்கலாம், ஓடி ஆட முடியாது. பரீட்சை முடிந்ததும் திருச்சிக்கு வந்து ஆடிக் காட்டச் சொல்லி ஒரு பெரிய டீமின் ஆள் அவனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். டீமில் எடுத்துக்கொண்டால் வேலையும் உண்டு. அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அதை அவள் எப்போது எடுத்தாள், என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் தம்பி இல்லாமல் கடலூர் போன டீம் திண்டிவனத்திடம் தோற்றது. திங்கட்கிழமை காலை ஆபீசில் ஹெட்கிளார்க் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். என் மேஜைக்கு வந்ததும் ஒன்றுக்கு இரண்டாக வைத்தார்.

"தப்பா நெனச்சிக்காதய்யா. இந்த வாட்டி எங்க பசங்க கப்பு வாங்கிட்டானுங்க. ஆனா ஒண்ணு, உங்க ஊர்ல டீம்னா அது உங்க டீம்தான்யா. இவனுங்க அந்த அளவுக்கு வரல."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு லட்டையும் தின்றேன்.

டீக்கடையிலும் அதே தீர்ப்பு வந்துவிட்டது. ஜில்லாவில் ஜெயித்தது நாங்கள், இவர்கள் ஜெயிக்கவில்லை, அவ்வளவுதான் கணக்கு. பள்ளிக்கூடத்தில் ஜெயித்த டீம்களின் பெயரைப் பலகையில் எழுதி மாட்டினார்கள். அதில் நாங்கள் ஐந்து பேரும் இருக்கிறோம். தம்பியின் டீம் இல்லை. ஒரு நாள் தாங்க முடியாமல், "இல்லீங்க, எங்கள விட அந்தப் பசங்கதான் நல்ல டீம். எதிர்ல நின்னு ஆடுனவன் சொல்றேன்" என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "தம்பின்றதால சொல்றீங்க. அண்ணன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றார். அங்கிருந்தவர்கள் என்னை மதிப்போடு பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து முகையூருக்குப் போனேன். சென்டர் கேப்பைக் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"நான் பாத்தேன்" என்றான்.

"ஏதோ ஒரு வேகத்துல..."

"என்கிட்ட சொல்லாதபா. அவன்கிட்ட சொல்லு." ஒரு மடையை அடைத்து அடுத்ததைத் திறந்தான். "இனிமே எனக்குக் கார்டு போடாத."

தண்ணீர் கால் வரை வந்தது. வரப்பில் ஏறிக்கொண்டேன். அவன் அடுத்த பாத்திக்குப் போய்விட்டான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸுக்குத் திரும்பினேன்.

தம்பியிடம் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. அப்போது அவன் மல்லாட்டை மண்டியில் எடை போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நாள் முழுக்க நிற்க வேண்டும். சாயங்காலம் வந்து காலை நீட்டி, நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வான். ஒரு சனிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து நான் தேய்த்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.

"அன்னிக்கு நான் கால..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணா." முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னான், நிமிரவில்லை. "உழும்போதே தெரியும். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. அவங்க தாங்க மாட்டாங்க."

"என்னத் திட்டுடா."

"திட்டி?"

அவ்வளவுதான். ஏன் என்று கேட்பான் என்று நினைத்தேன். அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது, வருஷம் பூராவும் அதைத் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன். அவன் கேட்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கிண்ணத்தை மாடத்தில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் அவன் பக்கம் திரும்பும்வரை காத்திருப்பான்.

நான் சனிக்கிழமைதோறும் வருவதைக் குறைத்தேன். ஆபீசில் வேலை அதிகம் என்று எழுதினேன். அறுபதுகளின் கடைசியில் ஒரு தீபாவளிக்குப் போயிருந்தபோது அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டாள். பரிமாறிக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றுவிட்டாள்.

"ஏண்டா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையா?"

"பேசிக்கினுதானம்மா இருக்கோம்" என்றான் தம்பி.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் குழம்பை ஊற்றினாள், நாங்கள் சாப்பிட்டோம்.