ஷட்டவுனிலும் நிற்காத கை

வடக்குப்பட்டில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் தூங்குகிறவர்களும் வேலை செய்தார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, காற்றுக்காகக் கதவைத் திறந்துபோட்டுப் பகலில் படுத்திருப்பார்கள். மாடி வீட்டுக்காரரின் கால் பாயிலேயே பெடல் மிதிக்கும். பக்கத்து அறைப் பெண் கண்ணை மூடிக்கொண்டு வயர் சொருகுவாள். கம்பெனி லைனில் நாள் முழுக்கச் செய்த அதே வேலை. அதற்கு ‘லைன் கை’ என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம்.

அதனால் என் வீட்டுக்காரரின் விரல்கள் தானாக முறுக்கத் தொடங்கியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கம்பெனியில் போல்ட் முடுக்குகிறவர். சாப்பிடும்போதும் ஓ.டி.யா, இதற்கும் சம்பளம் உண்டா என்று கிண்டல் செய்தேன். மற்றவர்களுக்குத் தூக்கத்தில் ஆடும். இவருக்கு விழித்திருக்கையில் ஆடி, தூங்கினால் அடங்கியது. அது என் மண்டையில் ஏறவில்லை.

கம்பெனியில் ஷட்டவுன் விட்டார்கள். லீவு போகப் போக மாடிக் கால் ஓய்ந்தது, பக்கத்து அறை விரல்களும் ஓய்ந்தன. காம்பவுண்டே அடங்கிக் கிடந்தபோது இவர் ஒருவர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார். தோள் வெட்டியது, வெறும் வாய் மென்றது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

நரம்பு டாக்டர் முதலில் கேட்டது இவருடைய அப்பாவைப் பற்றி. தெற்கே ஊரில் அவர் தள்ளாடித் தள்ளாடி நடந்தாராம். ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷனைக் குடிகாரன் என்றே சொல்லிச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். இது குடும்பவழி வருகிற நோய், மாத்திரை ஆட்டத்தை அடக்கும், நோயைத் தீர்க்காது என்றார் டாக்டர். மாத்திரையால் மனசு சோர்ந்துபோனால் உடனே கூட்டி வரச் சொன்னார்.

கை நின்றால்தான் லைனில் நிற்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். கை நின்றது. முருகனுக்கு வேண்டிக்கொண்டதைத் தீர்க்கக் குன்றத்தூர் மலைக்குப் போய் வந்தேன்.

ஆனால் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்தக் கை முழங்கால்மேல், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி கிடக்கும். கூப்பிட்டால் வெகுநேரம் கழித்துத் திரும்புவார். பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். இருந்தும் பட்டப்பகலில் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது.

மறுநாள் வேலைக்கு வரச் சொல்லிக் கம்பெனியில் இருந்து போன் வந்தது. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

“ஏட்டி, கை நின்னுட்டு. உள்ள இருந்தவனும் நின்னுட்டான். இப்படியே போய்ச் சேந்துட்டாலும் ஒண்ணுமில்லன்னு தோணுது” என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை.

“எழுந்துருங்க. இன்னா ஆனாலும் சரி, இப்பவே டாக்டராண்ட போறோம்” என்று ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அவரைத் தனியே விடக் கூடாது என்றார். நானும் விடவில்லை.

கொஞ்ச நாளில் ஆட்டத்தோடு கை திரும்பி வந்தது. லைன் வேலை போனது. ஒரு நாள் மாலை டீ தம்ளரைத் தட்டிவிட்டார். என் புடவையெல்லாம் டீ.

“நல்லவேளை, ஒன் டீயக் குடிக்காமத் தப்பிச்சேன்” என்றார்.

எத்தனையோ நாளைக்கப்புறம் அவர் அவராகப் பேசின பேச்சு அது. குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டே அழுதேன். அந்தக் கை வந்து என் தோளில் விழுந்தது. அவர் வைத்தாரா, நோய் வைத்ததா, தெரியவில்லை. நான் நகரவில்லை.