நீலாவதி மறைத்த காய்ச்சல்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், மின்சார பியூஸ் போடுகிற பீங்கான் கேரியர் செய்கிற கம்பெனி ஒன்றில் நீலாவதிக்குப் பிசிறு எடுக்கிற வேலை. அச்சிலிருந்து வரும், இன்னும் சூளையில் சுடாத பச்சைத் துண்டின் ஓரத்தைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினாலும் துண்டு கோணிப் போகும். அவளுக்குக் கோணாது. ஆறு வருஷமாக அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் புருஷன் கொளஞ்சியப்பன் லாரி டிரைவர். நாக்பூர், இந்தூர் என்று போனால் பதினைந்து நாள், இருபது நாள் ஆகும். பெற்றவளும் இல்லை, மாமியாரும் இல்லை. தொண்ணூற்றொன்றில் பெண் பிறந்து, சுபாஷினி என்று பெயர் வைத்து, நாலு மாதம் வீட்டில் இருந்தாள். அதற்குமேல் இருக்க முடியவில்லை. ஆடி மாதத்தில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு மாதர் சங்கம் நடத்திய காப்பகத்தில் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள். எல்லோரும் அதைப் பால்வாடி என்றுதான் சொன்னார்கள். ஒரே கூடம், பதினெட்டுப் பிள்ளைகள், மாரியம்மாள் என்று ஒரே ஆயா. பதினெட்டு மூக்கையும் துடைக்க அவள் தோளில் ஒரே துண்டு.

முதல் வாரமே சளி பிடித்தது. சளி விட்டதும் வயிற்றுப்போக்கு. ஆவணியில் கண்வலி வந்து இமை ஒட்டிக்கொண்டது. புரட்டாசியில் தலையெல்லாம் கொப்புளம். ஐப்பசி மழையில் நெஞ்சுச்சளி கட்டி, மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே போய்ப் போய் வந்தது. அன்றைக்கு டாக்டர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார். “மொதல்ல அந்தப் பால்வாடிக்கு அனுப்பறத நிறுத்தும்மா.”

“நிறுத்திட்டு எங்க சார் வுடறது?”

டாக்டர் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஒன்பது மாதம் முடிந்ததும் அம்மைக்குப் போடுகிற ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நர்ஸம்மா உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “காய்ச்சல் இருக்குதே. சரியானதும் அடுத்த புதன்கிழமை கொண்டாங்க” என்றாள். அடுத்த புதனும் காய்ச்சல். அதற்கு அடுத்த புதன் வேலையை விட்டு வர முடியவில்லை.

சூப்பர்வைசர் தர்மராஜ் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஒரு முதலாளி இருந்தார். மார்கழியில் ஒருநாள் பலகை பக்கத்தில் வந்து நின்றார். “நீலாவதி, இந்த மாசத்துல மட்டும் எட்டு நாளு லீவு. புள்ளயப் பாக்கறதுன்னா வூட்ல இருந்து பாரு. வேலைக்கு வரதுன்னா ஒழுங்கா வா. இன்னொரு தபா நின்னீன்னா இந்த எடத்துல வேற ஆள ஒக்கார வச்சிருவேன்.”

“இனிமே நிக்க மாட்டேங்க சார்” என்றாள். சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பலகைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பிசிறு எடுப்பவள் அனுசியா. அவள் மகன் பிரேம்நாத்துக்கு ஒன்றரை வயசு. அவனும் அதே பால்வாடிதான். நீலாவதியைக் கண்டால், நீலா என்று சொல்ல வராமல், “நீயா, நீயா” என்று கத்திக்கொண்டு காலைக் கட்டிக்கொள்வான். பேச்சு அப்போதுதான் வாயில் கூடி வந்துகொண்டிருந்தது. அனுசியாவுக்கு லீவு வேண்டுமென்றால் நீலாவதி இரண்டு பலகை சேர்த்துச் செய்வாள். நீலாவதிக்கு வேண்டுமென்றால் அனுசியா செய்வாள்.

தை பிறந்து பொங்கல் முடிந்த திங்கட்கிழமை. விடியற்காலையில் சுபாஷினி உடம்பு அனலாகக் கொதித்தது. பால்வாடி வாசலில் மாரியம்மாள் ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியையும் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள், சுட்டால் திருப்பி அனுப்பிவிடுவாள். நீலாவதி கொஞ்ச நேரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு காய்ச்சல் மருந்து ஒரு மூடி ஊற்றினாள். எட்டு மணிக்கெல்லாம் வியர்த்துவிட்டது.

“சில்லுனுதான் இருக்குது” என்று மாரியம்மாள் வாங்கிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பால் கொடுக்க ஓடினாள். மறுபடி கொதித்தது. இடுப்பில் செருகி வந்த மருந்துப் பாட்டிலை எடுத்து, கூடத்துக்குப் பின்னால் நின்று இன்னொரு மூடி கொடுத்தாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலு நாளும் அப்படித்தான். மருந்து வாயில் போகும்போது சுபாஷினி அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் இவள் சுவரைப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குழந்தையின் காதுக்குப் பின்னால் சிவப்பாக மணல் மணலாக எழும்பியிருந்தது. மணல்வாரி அம்மை. நீலாவதி வேப்பிலை பறித்து வந்து வாசலில் செருகினாள்.

பதினோரு நாள் வீட்டிலேயே கிடந்தாள். வேலை போய்விட்டது என்றே நினைத்திருந்தாள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு போய் நின்றால் தர்மராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். “ஆத்தா வந்த வூட்ட நான் என்னன்னு சொல்றது? போய் ஒக்காரு.”

உட்கார்ந்தாள். எதிர்ப்பக்கம் இடம் காலியாக இருந்தது.

“பிரேம்நாத்துக்கும் அம்மையாமே” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “இன்னும் ரெண்டு புள்ளைங்களுக்கும் போட்டிருக்குதாம்.”

சுபாஷினிக்கு இறங்கியது போல் அவனுக்கு இறங்கவில்லை. காய்ச்சல் தலைக்கு ஏறி, ஒருவாரம் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. பிழைத்து வந்தான். ஆனால் வந்தபிறகு பேசவில்லை. உடம்பு தேறினால் பேச்சும் வரும் என்றார்கள் எல்லோரும்.

மாசிமகத்துக்கு விருத்தாசலமே தெருவில் நின்றது. கூட்டத்தில் நீலாவதி அனுசியாவுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். தேர் வடம் பிடிக்கும்போது அதிர்வேட்டு போட்டார்கள். சுபாஷினி வீறிட்டு அலறியது. சுற்றி இருந்த கைப்பிள்ளை எல்லாம் அலறின. பிரேம்நாத் மட்டும் பலூன்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வேட்டும் போட்டார்கள். அவன் திரும்பவே இல்லை.

அனுசியா அவன் காதருகே கை தட்டினாள். மறுபடி தட்டினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். பிறகு மெல்ல நிமிர்ந்து நீலாவதியைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைத் தூக்கிக்கொண்டு நாலு நாள் நடந்தாள் நீலாவதி. ஐந்தாம் நாள் அனுசியா வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று சொன்னாள். “அனுசியா, எம் புள்ளைக்கு அப்பவே காய்ச்சல். நான்தான் மருந்து ஊத்தி, மறைச்சி கொண்டாந்து வுட்டேன்.”

அனுசியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். “தெரியும்” என்றாள். “ஒம் புள்ள வாயில மருந்து வாசன வந்துதுன்னு ஆயா அன்னிக்கே எங்கிட்ட சொல்லிச்சி.”

அனுசியாவே மேலே பேசினாள்.

“நானும் அப்பிடித்தாண்டி. இவனுக்குக் காய்ச்சல் கண்டப்ப நானும் மூணு நாளு ஊத்தித்தான் வுட்டேன். பால்வாடியில அந்த ரெண்டு புள்ளைங்களுக்கு யாரால வந்துது? நான் ஒன்ன என்னன்னு கேக்கறது?” அழவில்லை, குரலும் உயரவில்லை. மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். “நீ போ நீலா. இனிமே வராத.”

திட்டியிருந்தால், மயிரைப் பிடித்து இழுத்திருந்தால், அந்த வாசலில் விழுந்து அழுதிருப்பாள். அதற்கும் வழி இல்லாமல் போயிற்று.

அனுசியா வேலைக்குத் திரும்பவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு கடலூர், பாண்டிச்சேரி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாள் என்றும், கடைசியில் வேப்பூரில் அண்ணன் வைத்திருக்கிற ஓட்டலில் மாவாட்டப் போய்விட்டாள் என்றும் சொன்னார்கள். அவள் இடத்தில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். நீலாவதி பால்வாடியை நிறுத்தவில்லை. நிறுத்தி எங்கே விடுவது? சளியும் காய்ச்சலும் வந்துகொண்டுதான் இருந்தன. வந்தபோதெல்லாம் லீவு போட்டாள். இரண்டு தடவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கை பதமான ஆள் கிடைக்காமல் இரண்டு தடவையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். சுபாஷினி தேறி, வளர்ந்து, ஸ்கூலுக்குப் போனாள். பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கி வந்தாள். நீலாவதி அவளைப் பாடச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை.

தொண்ணூற்றேழில் ஒரு கல்யாணத்துக்காகச் சேலம் பஸ்ஸில் வேப்பூருக்குக் கிளம்பினாள். பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஓட்டல் வாசலில் அனுசியா, அவளுக்கு எதிரே ஏழு வயசுப் பையன். இரண்டு பேரும் கை ஜாடையாலேயே ஏதோ வேகமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் சிரித்தான்.

நீலாவதி தலையைக் குனிந்து, முந்தானையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டாள்.

“வேப்பூரு எறங்கலியாம்மா?” என்றான் கண்டக்டர்.

“இல்லீங்க” என்றாள். “தாண்டி சின்னசேலத்துக்கு ஒண்ணு குடுங்க.”