பறக்கும்போது மட்டும் நின்ற மோட்டார்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அப்பா ஓட்டுகிற விமானத்தைப் பழுது பார்ப்பது அம்மாவின் வேலையாக இருந்தது. பல்லடத்துக்குத் தெற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு தனியார் ஓடுபாதை. அதையொட்டி விமானம் ஓட்டக் கற்றுத்தரும் சின்னப் பள்ளி. அப்பா அங்கே ஆசிரியர். அம்மா பொறியாளர். அவள் சரி என்று சொல்லாமல் ஒரு சக்கரமும் உருளாது.

அங்கிருந்த விமானத்துக்கு அப்பாவைவிட வயது அதிகம். அதில் அம்மாவைத் தூங்கவிடாத ஒரு கோளாறு இருந்தது. இறக்கையின் பின்பக்கம் ஃபிளாப் என்று ஒரு தகடு உண்டு. இறங்கும்போது அதைக் கீழே தணித்தால் விமானம் மெதுவாக வரும். மறுபடி உயரம் ஏற வேண்டுமானால் அது மடங்கியாக வேண்டும். தணிக்கவும் மடக்கவும் இறக்கைக்குள் ஒரு மின்மோட்டார். அந்த மோட்டார் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். தரையில் ஒருநாளும் நிற்காது. ஆகாயத்தில் மட்டும் சண்டித்தனம். அம்மா மோட்டாருக்குள் உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டை மாற்றினாள், சுவிட்சை மாற்றினாள், கடைசியில் மோட்டாரையே மாற்றினாள். சில நாள் ஒழுங்காக ஓடியது. தீர்ந்தது என்று எல்லோரும் நம்பினார்கள்.

என் பள்ளிக்கூட விடுமுறைக்குக் காங்கேயத்திலிருந்து அத்தை வந்திருந்தார், அப்பாவின் அக்கா. விமானம் இறங்குவதைக் காட்டுவதற்காக ஒரு காலையில் அவரை வேலியோரம் கூட்டிப்போனேன். அப்பாவும் ஒரு மாணவரும் வந்துகொண்டிருந்தார்கள். சக்கரம் தரையைத் தொடப்போகிற நேரத்தில், கயிற்றை அறுத்துக்கொண்ட ஒரு மாடு ஓடுபாதையின் குறுக்கே பாய்ந்தது. எஞ்சின் அலறியது. விமானம் மாட்டின் மேலாகத் தாண்டிவிட்டது. ஆனால் ஃபிளாப் மடங்கவில்லை. தொங்கிய தகட்டோடு, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் அது நேராகத் தோப்பைப் பார்த்துப் போனது. அத்தையின் நகம் என் தோளில் இறங்கியது. தென்னை மட்டைகள் ஆடுவதைப் பார்த்தேன். அப்புறம் விமானத்தைக் காணவில்லை.

சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிடக் கூடாது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், நான் மூச்சு விட்டால் அது நின்றுவிடும் என்பதுபோல. தோப்பைச் சுற்றிக்கொண்டு, மரங்களை உரசுகிற உயரத்தில் விமானம் மெல்லத் திரும்பி வந்து இறங்கியது.

மாணவர் இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். அப்பா உட்கார்ந்த இடத்திலேயே சுவிட்சைத் தொட்டார். ஃபிளாப் சமர்த்தாக மடங்கியது.

"பாத்தியா அம்மணி, ஒண்ணுமே தெரியாதாட்ட மடங்குது" என்று சிரித்தார். ஆனால் அம்மா நீட்டிய டீ அவர் சட்டையெல்லாம் கொட்டியது. இரவில் கண்ணை மூடினால் அந்த நனைந்த சட்டைதான் வந்தது.

"இனி இது கிளம்பாதுங்க" என்றாள் அம்மா. மறுநாள் முழுக்க விமானத்தின் முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மேலே போனால் எது எது மாறும்? காற்று, குளிர், அதிர்வு. சாயங்காலம் திடீரென்று எழுந்தாள். "இறக்கைங்க! நிக்கறப்ப தொங்குது. பறக்கறப்ப மேல வளையுது."

இறக்கைக்கு அடியிலுள்ள மூடியைத் திறந்து, மோட்டாருக்குப் போகும் ஒயரில் ஒரு சின்ன பல்பை இணைத்தாள். அப்பாவும் இரண்டு வேலையாட்களும் இறக்கை நுனியைத் தோள் கொடுத்துத் தூக்க வேண்டும். உள்ளே சுவிட்சைப் பிடிக்க மிஞ்சியது நான்தான்.

சுவிட்சை அழுத்தினேன். மோட்டார் உறுமியது, ஃபிளாப் இறங்கத் தொடங்கியது. "தூக்குங்க" என்றாள் அம்மா. நான் உட்கார்ந்திருந்த இருக்கை சாய்ந்தது. உறுமல் பட்டென்று நின்றது. வேலியோரத்தில் நின்ற அந்தக் காலைப்பொழுது மொத்தமாக என்மேல் வந்து விழுந்தது. ஓவென்று அழுதேன்.

"கைய எடுத்துராத சாமி! அழு, ஆனா கைய எடுத்துராத!" என்று கத்தினாள் அம்மா.

அழுதுகொண்டே அழுத்தினேன். பல்பு அணைந்திருந்தது. நுனியை இறக்கியதும் எரிந்தது, மோட்டாரும் ஓடியது. அப்படியானால் மோட்டார்மேல் குற்றமில்லை. மின்சாரம்தான் மோட்டார்வரை வந்து சேரவில்லை. விமானத்தின் கூரையிலிருந்து ஒயர் இறக்கைக்குள் நுழையும் ஓட்டையில் இருந்த ரப்பர் வளையம் உதிர்ந்து போயிருந்தது. தகரத்தின் விளிம்பு ஒயரைக் கொஞ்சங்கொஞ்சமாக அறுத்து, உள்ளே ஓரிரண்டு கம்பி இழைகளே மிச்சம். இறக்கை வளைந்தால் அவையும் விலகிக்கொள்ளும்.

அம்மா புது ஒயர் போட்டாள். அடுத்து, யாராவது பறந்து பார்க்க வேண்டும். அப்பா ஏறினார். அம்மாவும் ஏறப் போனாள்.

"அவனொருத்தன் போனாப் பத்தாதா? நீ எதுக்கு அம்மணி?" என்று அத்தை தடுத்தார்.

"நாஞ் செஞ்ச வேலைங்க அண்ணி" என்றாள் அம்மா.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நானும் வாரேன்."

அம்மா குனிந்தாள். அவள் முகத்தில் எண்ணெய் வாசம். "வேண்டாங் கண்ணு. நீயும் ஏறுனா பாரம் அதிகமாயிரும். அப்பறம் மேல ஏறாது."

நான் உடனே கையை விட்டுவிட்டேன்.

விமானம் தோப்பின் மேலே போய்த் திரும்பி, எங்கள் தலைக்கு மேலே வந்தது. ஃபிளாப் தணிந்தது, மடங்கியது. அடுத்த சுற்றிலும் அப்படியே. அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அண்ணமார் சாமியைக் கூப்பிட்டபடி இருந்தார். நான் அசையவே இல்லை. என் பாரம் தரையில் இருப்பதால்தான் அவர்கள் மேலே இருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு, காலை இன்னும் அழுத்தி ஊன்றி நின்றேன்.

இருவரும் பத்திரமாக இறங்கினார்கள். அதன் பிறகு சில நாள் நான் சோறு குறைவாகவே தின்றேன். அம்மா காரணம் கேட்டாள். "பாரம்" என்றேன். அவள் என்னை மடியில் இழுத்து வைத்து, தட்டில் இருந்தது தீரும்வரை ஊட்டினாள். நான் திமிறினேன், விடவில்லை.

அது நான்கு பேர் உட்காருகிற விமானம். அன்றைக்கு அதன் பின் இருக்கைகள் இரண்டும் காலியாகத்தான் போயின. அம்மா தன் வேலையை நம்பி அதில் தன்னையும் அப்பாவையும் ஏற்றினாள். என்னை ஏற்றும் அளவுக்கு அவளால் நம்ப முடியவில்லை. எனக்கு அது தெரியாது. நான் கனமாக இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.