வெயில் ஏறினால் நிற்கும் ஃபேன்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாமக்கல்லிலிருந்து மச்சான் போன் செய்தார். என் மனைவியின் அண்ணன். முட்டைக் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். குரலில் ஒரே பதற்றம்.

"மாப்ள, காத்தால ஜில்லுனு இருக்கறப்ப ஃபேன் ஜோரா ஓடுதுங்க. வெயில் ஏறுனா நின்னு போவுதுங்க! கோழி பூராம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது."

"கை சுவிட்சைப் போட்டு விடுங்க மச்சான்!"

"போட்டுட்டனுங்க. அதுக்காவ நாள் முச்சூடும் சுவிட்சுகிட்டயே காவலிருக்க முடியுங்களா? ஒருக்கா மறந்தாலும் ஒரு ஷெட்டே போயிருமுங்க."

அந்த ஃபேனை ஓட்டும் சர்க்யூட் போர்டில் இரண்டு நாள் முன்புதான் கை வைத்திருந்தேன். யாராவது கேட்டார்களா? இல்லை... நானேதான் போனேன்.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். சூரமங்கலத்தில் மாடி அறையில் உட்கார்ந்து ஒரு சிப் கம்பெனிக்கு கம்பைலர் எழுதுகிறேன். நாம் எழுதும் புரோகிராமை, சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றுவது கம்பைலர். அந்த எண்களைத் திரும்ப மனிதர் படிக்கிற மாதிரி காட்டுவது டிஸ்அசெம்ப்ளர். இரண்டும் என் பொறுப்பு.

'ஒப்பிட்டுப் பார்', 'தாவு' என்று இரண்டு கட்டளைகளில் நடந்துகொண்டிருந்த வேலையை ஒரே கட்டளையில் முடிக்க அந்த சிப்பில் வழி உண்டு. அதை கம்பைலருக்குப் பழக்கினேன். புரோகிராம் பாதியாக இளைத்துவிட்டது! பெருமை தாங்கவில்லை. ஊருக்குக் கொடுக்கும் முன் சொந்தத்துக்குக் கொடுப்போமே என்று வெப்பம் பார்த்துத் தானாக ஃபேனைப் போடும் புரோகிராமை அந்தக் கம்பைலரில் புதிதாக மாற்றி, மச்சானின் ஷெட் ஒன்றில் ஏற்றிவிட்டு வந்தேன். அதே சிப்தான் அங்கேயும்.

போனை வைத்துவிட்டு டிஸ்அசெம்ப்ளரில் பார்த்தேன். 'வெப்பம் கூடினால் ஃபேனைப் போடு' — கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. உடனே மச்சானைக் கூப்பிட்டேன்.

"என் பக்கம் எல்லாம் சரி மச்சான். சென்சார்தான் கோளாறு. மாத்துங்க."

பாவம், நம்பி மாற்றினார். மறுநாளும் அதே கதை. கோழிகள் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு வழியில்லாமல் டிஸ்அசெம்ப்ளரை மூடினேன். சிப்பின் மேனுவலைத் திறந்து, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தேன். 'கூடினால்' என்பதற்கு ஓர் எண். அதற்கு அடுத்த வரியில் 'குறைந்தால்' என்பதற்கு ஓர் எண். நான் ஒரு வரி தள்ளிப் படித்திருக்கிறேன்! கம்பைலர் 'குறைந்தால்' என்ற எண்ணை எழுதியது. டிஸ்அசெம்ப்ளர் அதையே 'கூடினால்' என்று எனக்கு வாசித்துக் காட்டியது. இரண்டுக்கும் வாத்தியார் நான்தானே?

பரீட்சை எழுதியதும் நான், பேப்பர் திருத்தியதும் நான். நூற்றுக்கு நூறு!

யோசித்தால், நாம் எல்லோருமே இப்படித்தான் இல்லையா? சந்தேகம் வந்தால், நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் ஆளிடம்தான் போகிறோம். பெரும்பாலும் அந்த ஆளும் நாமேதான்.

இரண்டையும் திருத்தினேன். இந்த முறை டிஸ்அசெம்ப்ளரை ஆபீஸில் வேறொருவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மேனுவலை மட்டும் வைத்துச் சரிபார்த்தார். சனிக்கிழமை நாமக்கல் போய்ப் புதிய புரோகிராமை ஏற்றினேன். மச்சான் கை சுவிட்சை அணைத்துவிட்டு, அதிலிருந்து விரலை எடுக்காமல் நின்றார். வெயில் ஏறியது. ஷெட் கொதித்தது.

டக்கென்று ஒரு சத்தம்... ஃபேன்கள் வரிசையாகச் சுற்ற ஆரம்பித்தன. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "ஓடுது மச்சான்! ஓடுது!" என்று கைதட்டிக் குதித்தேன்.

மச்சான் அவசரமாக என் தோளை அமுக்கினார்.

"கத்தாதீங்க மாப்ள... கோழி மெரண்டா முட்டை கொறஞ்சு போயிருமுங்க."