பதினைந்து மெழுகுவர்த்திகள்

கடல் கடந்து வந்து குடியேறிய இந்த ஊரில் பெயரைக் கேட்பதற்கு முன்பே பிறந்த தேதியைக் கேட்கிறார்கள். பேர்லேண்டில் நான் ரத்த அழுத்த மாத்திரை வாங்கும் மருந்துக்கடையில் மாதாமாதம் இதே கேள்வி. மாதாமாதம் ஒரு நொடி தடுமாறுகிறேன். எனக்கு இரண்டு தேதிகள். அம்மா சொன்னது நவம்பர் ஒன்பது. கரூரில் என்னைச் சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியர், ஐந்து வயது நிரம்பவில்லையே என்று தாமாகவே எழுதிக்கொண்டது ஜூன் ஒன்று. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள். ஒருமுறை கவுன்டர் பெண்ணிடம், எனக்குப் பிறந்தநாள் இரண்டு என்றேன். அப்படியானால் கேக்கும் இரண்டா என்று சிரித்தாள்.

அந்த எரிச்சலில்தான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். யார் வீட்டு விசேஷம், என்ன கிழமை, எத்தனை மணி, எல்லாம் அதில் இருக்கும். கரூர் நண்பர் செந்திலின் மகள் நித்யாவுக்கு ஒரு வயது நிறைந்த ஆயுஷ்ஹோமமும் இருக்கிறது. விடுப்பில் கரூர் போயிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை அந்த விருந்தில் சாப்பிட்டேன். பிறகு செந்தில் குடும்பம் இங்கே வந்து எங்கள் தெருவிலேயே வீடு வாங்கியது. ஏதோ விண்ணப்பம் நிரப்ப உதவியபோது நித்யாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். அதன்படி, நான் அந்த விருந்தைச் சாப்பிட்டு மூன்று நாள் கழித்துத்தான் அவள் பிறந்திருக்கிறாள். செந்தில் பிறப்பைத் தாமதமாகப் பதிந்து ஒரு வயதைக் குறைத்திருந்தார். பின்னால் எதற்காவது உதவுமாம்.

இந்தக் கோடையில் உதவியது. பல நாட்டு நகரங்கள் பிள்ளைகளை அனுப்பும் விளையாட்டுப் போட்டி அது. பதினைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. எங்கள் பகுதியிலிருந்து எண்ணூறு மீட்டருக்கு ஒரே ஒருத்தி. தேர்வு ஓட்டத்தில் நித்யா முதலில் வந்தாள். ஹானா என்ற பெண் ஓரடி பின்னால். வழியனுப்பும் கூட்டம் நித்யாவின் பிறந்தநாளன்றே அமைந்தது. கோச் கேக் வாங்கி வந்து பதினைந்து மெழுகுவர்த்திகள் செருகினார். ஹானாவும் கைதட்டிப் பாடினாள். நித்யா தலைநிமிராமல் ஊதினாள். நான் செந்திலைத் தனியே அழைத்து வயதைப் பற்றிக் கேட்டேன். அவர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. தமிழ்தானே.

"ஒரு வருஷந்தானுங்கண்ணா. இங்க வெள்ளக்காரன், கூட ஆடறவனுகள விடப் பெருசா இருக்கட்டும்னு ஃபுட்பாலுக்காகப் பையன கிண்டர்கார்டன்லயே இன்னொரு வருஷம் உக்கார வெக்கிறான். அவன் பண்ணுனா பிளானிங், நான் பண்ணுனா ஃபிராடா? வாயத் தொறங்க."

கேக்கை ஊட்டிவிட்டார். விழுங்கினேன். அவர் சொன்னது பொய்யுமல்ல. அப்படிச் செய்ததைப் பெருமையாகச் சொல்லும் தகப்பன்களை மைதானத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே பள்ளிக்காக வயதைக் கூட்டுகிறோம், இங்கே பதக்கத்துக்காகக் குறைக்கிறோம். ஒரு குழந்தையை அதன் வயதில் இருக்கவிட எந்த ஊரிலும் பெற்றவர்களுக்கு மனமில்லை. கேக்கை விழுங்கிய நானும் அதில் சேர்த்தி.

ஞாயிற்றுக்கிழமை நித்யா வீட்டுக்கு வந்தாள். "அங்கிள், உங்க டைரில என்னோட ரியல் இயர் இருக்குல்ல? கோச்கிட்ட காட்டுறீங்களா?"

கிரீன் கார்டு, அப்பாவின் வேலை, எல்லாம் அந்தப் பாஸ்போர்ட் தேதியின் மேல்தான் நிற்கிறது, ஒன்றை இழுத்தால் மொத்தமும் சரியும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ எதுக்கு அங்கிள் எழுதுறீங்க?"

செவ்வாய்க்கிழமை அவள் கோச்சிடம் முழங்கால் வலி என்று சொல்லி விலகிக்கொண்டாள். ஹானா விமானம் ஏறினாள். செந்தில் என் சோபாவில் உட்கார்ந்து, முன்னாடியே டாக்டரிடம் காட்டியிருக்கணும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிரவு நாட்குறிப்பில், 'நித்யாவுக்கு முழங்கால் வலி' என்று எழுதினேன். தெரிந்தே அதில் நான் எழுதிய முதல் பொய்.

மறுநாள் மருந்துக்கடையில் அதே கேள்வி. இம்முறை தடுமாறாமல் நவம்பர் ஒன்பது என்றேன். கவுன்டர் பெண் கணினியில் தட்டிப் பார்த்தாள். திரையைப் பார்த்தபடியே, அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்றாள். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஜூன் ஒன்று என்றேன். உடனே கிடைத்துவிட்டேன்.